நாள்பட்ட தேறலும் ஒரு குவாட்டரும்

மார்கழித் தேர் ஓடி முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சுசீந்திரத்தில் ரத வீதிகள் மறுபடியும் வெறும் வீதிகளாகிவிட்டன. கப்பலில் வேலை பார்க்கும் நண்பன் விடுமுறைக்கு வந்திருந்தான். வந்தவன் பையிலிருந்து, இரண்டு சட்டைகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த ஒரு பாட்டிலை எடுத்தான். உள்ளே வைக்கோல் நிறத்தில் ஏதோ இருந்தது. "டெக்கீலாவா?" என்றேன். "இல்லடே, சோத்தோல். மெக்சிகோ சாதனம்தான், ஆனா கற்றாழை இல்ல. ஒரு வருஷம் பீப்பாயில கெடந்தது" என்றான்.

அன்று இரவு மொட்டை மாடியில் மூன்று பேர் இருந்தோம். நான், அவன், பக்கத்து விளையில் இருக்கும் ஒரு பாட்டா. அவர் இளவயதில் பனையேறி. பாட்டில் ஒன்றுதான், ஆளுக்கு இரண்டு வாய்தான் குடித்தோம். ஆனால் அந்த இரண்டு வாயைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது என் தமிழ் நின்றுவிட்டது. இந்தக் கட்டுரை அந்த நின்றுபோனதைப் பற்றியது.

*

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். டெக்கீலாவும் மெஸ்காலும் அகாவே என்ற கற்றாழை இனத்திலிருந்து வருபவை. நம்மூரில் வேலிக்கு வைக்கிற ஆனைக்கற்றாழை, தண்டவாளத்தை ஒட்டி நிற்பதால் ரயில் கற்றாழை என்று பேர் வாங்கியது, அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்த அகாவேதான். சோத்தோல் வருவது டாசிலிரியோன் என்ற வேறொரு செடியிலிருந்து. பார்க்கக் கற்றாழை மாதிரி இருக்கும், ஆனால் கற்றாழை இல்லை. சிவாவா, கோவாவீலா, துராங்கோ ஆகிய வட மெக்சிகோ மாநிலங்களின் வறண்ட நிலத்தில் வளர்வது. பறிக்கிற பருவத்துக்கு வர பன்னிரண்டு, பதினைந்து வருடங்கள் ஆகும். அகாவே ஒரே ஒரு முறை பூத்துச் செத்துவிடும். இது பூத்தாலும் சாகாது, மறுபடி பூக்கும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு.

இந்த இடத்தில் நான் பாட்டாவைப் பார்த்தேன். ஆண்பனை, பெண்பனை. பதினைந்து வருடம் காத்திருந்தால்தான் பாளை. தேரிக்காட்டிலும் பாறையிலும் தண்ணீர் கேட்காமல் நிற்பது. உலகத்தின் அந்தப் பக்கத்தில் நம் பனைக்கு ஒரு ஒன்றுவிட்ட சொந்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாவரவியல்படி இது சரியில்லை, வாழ்க்கைப்படி சரி.

இலைகளை வெட்டித் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் பருத்த தண்டைக் குழியில் போட்டு, சூடான கற்களோடு மூடி நாட்கணக்கில் சுடுகிறார்கள். பிறகு நசுக்கி, புளிக்கவிட்டு, வடிக்கிறார்கள். வடித்து வருவது தண்ணீர் போலத் தெளிவானது. நிறம் என்று பிறகு தெரிவதெல்லாம் மரம் கொடுத்தது. டெக்கீலாவின் கணக்குப்படி ஓக் பீப்பாயில் இரண்டு மாதமாவது கிடந்தால் 'ரெபோசாதோ', ஓய்வெடுத்தது. ஒரு வருடமாவது கிடந்தால் 'அன்யேஹோ', வயதானது. சோத்தோல்காரர்களும் இதே சொற்களை எடுத்துக்கொண்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் இது அங்கேயே ஒளிந்து வாழ்ந்த சாராயம். காய்ச்சியவர்களைத் துரத்தினார்கள், அடுப்புகளை உடைத்தார்கள். 2002-இல்தான் சோத்தோலுக்கு மெக்சிகோ பிறப்பிடக் காப்புரிமை தந்தது. டெக்கீலாவுக்கு அது 1974-லேயே கிடைத்துவிட்டது. நேற்றுவரை வாற்றுச் சாராயம், இன்று விமான நிலையக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள். இந்த மாற்றம் எப்படி நடந்தது என்ற கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவேன்.

*

பாட்டிலோடு ஒரு சின்ன அட்டை இருந்தது. அதில் சுவைக்குறிப்பு: வெனில்லா, தேங்காய், பதப்படுத்திய தோல், உலர்ந்த அத்தி, ஈரமான பாலைவனம். எனக்குச் சிரிப்பு வந்தது. தேங்காய் என்பது எழுதியவனுக்கு ஒரு தூரதேசத்து வாசனை. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு அது சமையலறை, தலை எண்ணெய், சாவு வீடு, எல்லாம். அமெரிக்க ஓக் மரத்தில் லாக்டோன் என்ற பொருள் இருக்கிறது, அதுதான் இந்தத் தேங்காய் மணத்துக்குக் காரணம். மரத்தை உள்பக்கமாக நெருப்பில் வாட்டும்போது அதன் லிக்னின் உடைந்து வெனில்லின் வருகிறது. ஆக அட்டையில் இருந்த முதல் இரண்டு சொற்களும் செடியைப் பற்றியவை அல்ல, பீப்பாயைப் பற்றியவை.

முதல் வாய். நாக்கின் நுனியில் ஒரு இனிப்பு, சீனி இல்லை, கொப்பரையை மெல்லும்போது கடைசியில் வருகிற இனிப்பு. அடுத்து மரம். புதுக் கதவுக்கு முதல் மழையில் வருகிற வாசனை. அதன் பிறகு துவர்ப்பு, இளநீர்க் குரும்பையைக் கடித்த மாதிரி. எல்லாம் போன பிறகு, ரொம்பத் தாமதமாக, தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில், பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. கசங்கிய இலை, புகை, மண். அதுதான் செடி. பதினைந்து வருடம் வெயிலில் நின்றது, ஒரே ஒரு வருடம் பீப்பாயில் கிடந்ததன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது வாயில் எனக்குத் தீர்மானமாகிவிட்டது. இது நல்ல சரக்கு, ஆனால் நல்ல சோத்தோல் இல்லை. பீப்பாய் பேசுகிறது, செடி கேட்டுக்கொண்டிருக்கிறது. விஸ்கி குடிக்கிறவனுக்குப் பழகிய வாசனையைக் கொடுத்து, அவன் பயப்படாமல் வாங்கச் செய்வதற்காக வயதாக்கப்பட்ட சாராயம் இது. மெக்சிகோவின் மெஸ்கால் ஆட்களிடையே இந்தச் சண்டை ஏற்கெனவே உண்டு. மரம் செடியை மறைக்கிறது என்பவர்கள் அங்கே நிறைய. அவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது: வடித்ததைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் மண்ணுக்குள்ளோ வெப்பம் மாறாத இடத்திலோ வைப்பது. நிறம் ஏறாது. கூர் மட்டும் மழுங்கும். மெக்சிகோவின் மெஸ்கால் விதிகளில் இதற்குத் தனி வகையே உண்டு.

மண்ணுக்குள் புதைப்பது என்றதும் எனக்குக் கபிலர் நினைவுக்கு வந்தார்.

*

புறநானூறு 120-ஆம் பாட்டு. பாரியின் நாடு எப்படிப்பட்டது என்று சொல்லிக்கொண்டே வரும்போது, நிலத்தில் புதைத்து முதிரவைத்த மதுவைப் பற்றிச் சொல்கிறார் கபிலர். திருமுருகாற்றுப்படையில் குறவர்கள் நீண்ட மூங்கில் குழாயில் விளையவைத்த தேன் கள் வருகிறது. மூங்கில் நம்முடைய பீப்பாய். 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைச் சொல்கிறார். இறக்குமதிச் சரக்கு. குடுவையின் அழகையும் மணத்தையும் சேர்த்தே சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். நம் அட்டைக்காரரும் இதைத்தான் செய்ய முயன்றார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஔவையார். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் 392-இல், நாள்பட்ட தேறல் தேள் கொட்டிய கடுப்பைப் போல இருந்தது என்கிறார். சிறுபாணாற்றுப்படையில் அது சினந்த பாம்பு. இது போதையைப் பற்றிய உவமை என்றுதான் உரைகளில் படித்து வந்தோம். சோத்தோல் குடித்த இரவுக்குப் பிறகு நான் அப்படி நினைக்கவில்லை. தேள் கொட்டினால் என்ன நடக்கும்? ஒரு புள்ளியில் சுருக்கென்று ஆரம்பித்து, நிதானமாக விரிந்து, மேலேறும். தொடங்கும் இடம், பரவும் வேகம், நிற்கும் நேரம், மூன்றும் அந்த ஒரு உவமையில் இருக்கின்றன. இன்றைய சுவைஞர்கள் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று வரி எழுதுவதை ஔவை ஒரு பூச்சியில் முடித்துவிட்டார். தேள்கடியும் தெரிந்து, நாள்பட்ட சரக்கும் தெரிந்த ஒருவரால்தான் அப்படி ஒப்பிட முடியும். நாக்கு இருந்த கவிஞர்.

தேறல் என்ற சொல்லையே பாருங்கள். தெளிந்தது. கலங்கல் அடங்கி, மேலே நின்றது. ஒரு பானத்தின் பெயரிலேயே அதன் தரம் இருந்தது.

இப்போது நம்மிடம் இருக்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். சரக்கு. குவாட்டர். கட்டிங். ஆஃப். ஃபுல். ராவாக அடித்தல். எல்லாம் அளவும் விலையும். ஒரு சொல்கூட நாக்கிலிருந்து வந்ததில்லை. "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "ஏறிச்சு" அல்லது "ஏறல". அவ்வளவுதான் நம் விமர்சன மரபு.

*

எங்கே தொலைத்தோம்? வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் தொடங்கலாம், ஆனால் எல்லாப் பழியையும் அவர்மேல் போடுவது நியாயமில்லை. அறம் சொன்னவர் அவர், தடை போட்டவர் இல்லை. பிரிட்டிஷ் அரசு கள்ளையும் சாராயத்தையும் கலால் வருமானமாகப் பார்த்தது. விடுதலைப் போராட்டம் அதே கள்ளை எதிரியாகப் பார்த்தது. ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பிறகு திறப்பதும் மூடுவதுமாகப் போய், 1983-இல் டாஸ்மாக் வந்தது. 1987-இல் கள் தடை செய்யப்பட்டது. 2003-இல் சில்லறை விற்பனையும் அரசிடம் வந்தது. ஒரு பக்கம் வருமானம், மறு பக்கம் பாவம். இரண்டுக்கும் சுவை தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குமரி மாவட்டத்தில் பதநீரை அக்கானி என்போம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது அக்கானி, காய்ச்சினால் கருப்பட்டி. தடவாவிட்டால் அதே பாளையிலிருந்து சொட்டுவது வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே ஒரு பூச்சு சுண்ணாம்பு. களியக்காவிளை தாண்டினால் அந்தப் பூச்சும் தேவையில்லை, கேரளத்தில் கள்ளுக்கடை திறந்தே இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை எந்தப் பக்கம் விழுந்ததோ, அந்தப் பக்கத்துச் சட்டம் நாக்குக்கும்.

கள்ளுக்குப் பதிலாக நமக்குக் கிடைத்தது என்ன? பெரும்பாலும் கரும்பாலைக் கழிவான மொலாசஸிலிருந்து எடுத்த எரிசாராயம், அதில் வாசனை, அதில் கேரமல் நிறம். பிராந்தி என்று பெயர். பிராந்தி என்பது திராட்சையிலிருந்து வடித்து மரத்தில் முதிர்ந்தது. பீப்பாயைப் பார்க்காத ஒன்று பீப்பாயின் நிறத்தை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறது. டெக்கீலாவிலும் கேரமலும் ஓக் சாறும் ஒரு சதவீதம் வரை சேர்க்க விதி இடம் கொடுக்கிறது, அவர்களும் யோக்கியர்கள் இல்லை. ஆனால் அங்கே அதைக் கண்டுபிடித்துத் திட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்குச் சொற்கள் இருக்கின்றன. நமக்கு "ஏறிச்சு" மட்டும்.

பக்கத்திலேயே வேறு வழி இருந்ததையும் சொல்ல வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் தென்னங்கள்ளை வடித்து ஹல்மில்லா மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் வைக்கிறார்கள். அந்த மரத்தை ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்றார்கள். ஓக் போல அது வெனில்லாவைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை, தென்னையைப் பேசவிடுகிறது. இங்கே வடக்கே சித்தூர் மாவட்டத்தில் டெஸ்மண்ட் நாசரேத் என்பவர் தக்காணத்தில் காடாக நின்ற ஆனைக்கற்றாழையை வைத்துக் காய்ச்சி, 2011-இல் கோவாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். டெக்கீலா என்று பெயர் போட முடியாது, அகாவே சாராயம் என்றுதான் போட வேண்டும். நம் வேலிச்செடிக்கு ஒரு நாக்கு கிடைத்தது. ஆனால் பனைக்கு?

*

இலக்கியம் இதைப் பேசியிருக்கலாமே என்று கேட்கலாம். மெஸ்கால் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது மால்கம் லௌரியின் 'அண்டர் த வல்கேனோ', 1947. இறந்தோர் நாளில், மெக்சிகோவின் ஒரு ஊரில், ஜெஃப்ரி ஃபெர்மின் என்ற முன்னாள் தூதர் குடித்தே அழிகிற ஒரு நாள். குடியைப் பற்றிய நாவல்களில் அதற்கு மேல் ஒன்றை நான் படித்ததில்லை. ஆனால் அதில் மெஸ்கால் ஒரு விதி, ஒரு பாதாளம். குழியில் சுட்ட செடியின் சாறாக அது எனக்குத் தென்படவே இல்லை. அதைக் காய்ச்சியவனின் கை அந்த நாவலில் இல்லை. குடிப்பவனின் ஆன்மாதான் முழுக்க.

நம் பக்கம் கதை தலைகீழ். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. பனையேறியின் மகன் தங்கராஜ், பழம்பெருமை பேசும் வீட்டுப் பெண் லிஸி. அங்கே பனையில் ஏறுகிறவன் இருக்கிறான், அவன் உழைப்பும் அவனுக்கு மேல்வீடு கொடுக்கும் மதிப்பும் இருக்கின்றன. குமரி மண்ணில் பனை என்பது சாதியின் ஏணி என்பதை அந்த நாவல் சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. லௌரியிடம் குடிக்கிறவன், ஹெப்சிபாவிடம் ஏறுகிறவன். இரண்டு பேரையும் ஒரே மாடியில் உட்காரவைத்துப் பேசவிடும் எழுத்து நம்மிடம் இன்னும் குறைவு. ஏறுகிறவனும் சுவைக்கிறவன்தான் என்பது நமக்கு உறைக்கவே இல்லை.

*

பாட்டா முதல் வாயை உடனே விழுங்கவில்லை. கொஞ்ச நேரம் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தார். பிறகு டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார்.

"மக்கா, இத மண்ணுக்குள்ள வச்சா சுட்டானுவ?"

நாங்கள் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நண்பன் என்னைப் பார்த்தான்.

"ஆமா பாட்டா. எப்பிடி?"

"பனங்கிழங்கு சுட்ட மணம்லா அடிக்கி. ஆனா மேல எவனோ கொப்பரையப் போட்டு மூடியிருக்கான்."

நான் முக்கால் பக்கம் எழுதி அடித்துத் திருத்திய விமர்சனத்தை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். செடி, சூளை, பீப்பாய், மறைப்பு, எல்லாம் வந்துவிட்டது. நாற்பது வருடம் விடிகாலையில் தளைநாரும் முருக்குத்தடியுமாக ஏறி, ஒவ்வொரு கலயத்தையும் மூக்கால் பார்த்து இது அக்கானி, இது திரும்பிவிட்டது என்று பிரித்த மனிதர். மெக்சிகோவில் இந்த மூக்குக்கு ஒரு பட்டம் உண்டு, 'மாயேஸ்திரோ', ஆசான் என்று அர்த்தம். அவர் பெயரை இப்போது பாட்டிலின் முன்பக்கத்திலேயே அச்சடிக்கிறார்கள். இங்கே அதே மூக்குக்கு நாம் வைத்த பெயர்கள் வேறு.

முன்பு நிறுத்திவைத்த கேள்வி இதுதான். வாற்றுச் சாராயம் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது சட்டம் மாறியதால் மட்டும் இல்லை. காய்ச்சியவனின் அறிவு ஒரு அறிவுதான் என்று யாரோ எழுதியதாலும்தான். அந்த எழுத்து வந்த பிறகு லாபம் யாருக்குப் போனது என்பது தனிக் கதை. அங்கேயும் சுட்டவனைவிட விற்றவன்தான் பணக்காரன்.

*

இங்கே நிறுத்தினால் இது ஒரு அழகான கட்டுரையாக முடியும். ஆனால் கீழே அம்மா இருந்தாள்.

அம்மாவின் தம்பி குடித்துச் செத்தவர். நாற்பத்தியொரு வயது. எங்கள் வீட்டில் அந்த நாற்றத்துக்குப் பெயரே கிடையாது, "அது" என்பாள். மாடியில் மூன்று பேர் உட்கார்ந்து மணம், துவர்ப்பு என்று பேசுவது அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்காமல் இதை எழுத முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு ரசனையைப் பற்றிப் பேசுவது கொழுப்பு இல்லையா?

நேர்மையாகச் சொன்னால், ரசனை யாரையும் காப்பாற்றாது. மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. நல்ல சரக்கைச் சுவைக்கத் தெரிந்தவர்களும் ஈரல் கெட்டுச் சாகிறார்கள். லௌரியும் அப்படி ஒன்றும் நன்றாக வாழ்ந்து முடிக்கவில்லை. சுவைக்கத் தெரிந்தால் குறைவாகக் குடிப்பார்கள் என்று மேடையில் சொல்லலாம், நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நான் கேட்பது அதைவிடச் சின்னது. மாமா இருபது வருடம் குடித்தது என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எதிலிருந்து எடுத்தது, அந்த நிறம் எங்கிருந்து வந்தது, ஏன் அவர் வாயைச் சுளித்துக்கொண்டே குடித்தார், ஒன்றும் தெரியாது. அவருக்கும் தெரியாது. வெட்கத்தில் நாங்கள் கேட்கவில்லை, அவசரத்தில் அவர் கவனிக்கவில்லை. நாக்கில் நிற்காமல் நேராகத் தொண்டைக்குப் போகும்படி தயாரிக்கப்பட்டது அது. சொல் இல்லாத இடத்தில் கேள்வி எழாது. கேள்வி எழாத இடத்தில் எதை வேண்டுமானாலும் ஊற்றிக் கொடுக்கலாம். தன் கையில் இருக்கும் டம்ளரில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை குடிக்கிறவனுக்கும் உண்டு, அவனைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் வீட்டுக்கும் உண்டு. ஔவைக்கு இருந்தது. எங்கள் மாமாவுக்கு இல்லை.

சுசீந்திரம் என்ற பெயருக்கு இந்திரன் சுத்தமான இடம் என்று பொருள் சொல்வார்கள். சோமம் குடிக்கிற தேவன், சாபம் தீர வந்த ஊர். கொதிக்கும் நெய்யில் கை முக்கிச் சுத்தத்தை நிரூபிக்கும் வழக்கமும் ஒரு காலத்தில் இங்கே இருந்தது. சுவாதித் திருநாள் காலத்தில் அதை நிறுத்தினார்கள். கை வெந்ததா என்று பார்த்தே ஒருவனை முடிவு செய்யும் பழக்கம் மட்டும் நம்மைவிட்டு முழுசாகப் போகவில்லை. குடிக்கிறவன், குடிக்காதவன். இரண்டே பெட்டி.

பாட்டாவுக்கு இரண்டாவது முறை ஊற்றப்போனபோது கையால் மறைத்தார். "போரும் மக்கா. கொள்ளாம், ஆனா இது நம்ம மரம் இல்ல" என்றார். அவர் சொன்னது ஓக்கையா, டாசிலிரியோனையா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை டம்ளர்களைக் கழுவ எடுத்த அம்மா ஒன்றை முகத்தருகே கொண்டுபோய் உடனே விலக்கினாள். பிறகு இன்னொரு முறை கொண்டுபோனாள்.

"இது என்னது, அவன் குடிச்ச நாத்தம் இல்லியே?"

"இல்லம்மா. இது வேற."

"என்ன வேற?"

சொல்லத் தொடங்கினேன். செடியிலிருந்து தொடங்கினேன்.